உலோகத் தூளும் நுண்ணலையும்: கடலூர்ப் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

2024 அக்டோபர் 12, வாசகர் கேள்வி

கடலூர் பக்கம் சிறிய உலோக அச்சுப் பட்டறை வைத்திருக்கிறோம், உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு. பெரும்பாலும் டைட்டானியம். அச்சடித்து மிஞ்சிய தூளைச் சலித்துத் திரும்பப் போடுகிறோம். ஏழாம் முறை, எட்டாம் முறை என்று போகப் போக, தூள் இன்னும் நல்லதுதானா என்ற பயம் வருகிறது. ஒவ்வொரு முறையும் சென்னைக்கு மாதிரி அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியவில்லை. நுண்ணலையை (மைக்ரோவேவ்) வைத்து இரண்டே நிமிடத்தில் தூளின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார் ஒருவர். என் கூட்டாளி சிரிக்கிறார். மைக்ரோவேவ் அடுப்பில் கரண்டியை வைத்தாலே பொறி பறக்கிறது, அதில் உலோகத் தூளை வைத்து எதை அளப்பது என்கிறார். யார் சொல்வது சரி?

2024 அக்டோபர் 12, இரவு

கூட்டாளி பாதி சரி. விளிம்பில் வெள்ளிக்கோடு போட்ட பீங்கான் தட்டில் நேற்றைய வடையை வைத்துச் சூடாக்கப் போய், சடசடவென்று நீலப் பொறி பறந்ததை என் வீட்டிலேயே பார்த்தேன். கோடு ஓரிடத்தில் கருகிப்போனது. அந்தத் தட்டு என் மனைவிக்கு அவள் அக்காள் கொடுத்த சீர். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஆனால் தகடு வேறு, தூள் வேறு. தகட்டில் படும் நுண்ணலை மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. தூளில் ஒவ்வொரு மணியும் தனக்கென ஒரு மெல்லிய ஆக்சைடு உறை போர்த்திக்கொண்டிருக்கிறது. பக்கத்து மணிக்கு மின்சாரம் எளிதில் தாண்டுவதில்லை. அதனால் அலை குவியலின் உள்ளே நுழைகிறது, ஒவ்வொரு மணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை விட்டுச் செல்கிறது. ராஞ்சியில் பிறந்த ரஸ்தம் ராய், அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தன் குழுவினரோடு, அழுத்திய உலோகத் தூளை நுண்ணலையிலேயே முழுமையாகச் சுட்டு இறுக்கினார். 1999இல் நேச்சர் இதழில் அது வந்தது. உள்ளே நுழையாத அலையால் அது நடக்குமா?

அளப்பதற்கு அந்த அளவு சக்தியெல்லாம் தேவையில்லை. தூள் சூடாகாது, பொறியும் வராது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சமையலறை அடுப்பில் டைட்டானியம் தூளை வைத்துப் பார்த்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும். எரியும் டைட்டானியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை இன்னும் மோசமாகும். பட்டறையில் உலர்ந்த மணல் வாளி இல்லையென்றால் நாளைக்கே வாங்கி வையுங்கள்.

2024 அக்டோபர் 13

எப்படி அளப்பது என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டில் ஒரு மிருதங்க வித்வான் இருக்கிறார். கச்சேரிக்குக் கிளம்பும் முன் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவார். அப்பிய பிறகு தட்டினால் சுருதி இறங்கும். கொஞ்சம் கூடிவிட்டால் விரலால் சுரண்டி எடுப்பார், மறுபடி தட்டுவார். தோல் அதேதான், கட்டையும் அதேதான். ஒரு நெல்லிக்காய் அளவு ரவை சுருதியை மாற்றிவிடுகிறது. (சி. வி. ராமன் 1920இலேயே மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்த வரியை எழுதும்போது பெருமையாக இருக்கிறது, விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

நாங்கள் செய்வதும் ரவை அப்புகிற வேலைதான். தோலுக்குப் பதில், இரண்டு பக்கமும் மூடிய உருளை வடிவ உலோகக் குழி. விரலுக்குப் பதில் நுண்ணலை. ரவைக்குப் பதில், மெல்லிய குவார்ட்சுக் குழாயில் அடைத்த தூள். காலிக் குழாயோடு ஒரு முறை தட்டிக் கேட்கிறோம், தூளோடு ஒரு முறை. சுருதி எவ்வளவு நகர்ந்தது என்பது ஒரு எண். நாதம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது இன்னொரு எண். பாடப்புத்தகத்தில் முதலாவதை ஒத்ததிர்வு அதிர்வெண் என்றும், இரண்டாவதைத் தரக் காரணி என்றும் படித்திருப்பீர்கள். கிடைப்பது இந்த இரண்டு எண்கள்தான். மணியின் பருமன், ஈரம், அடர்த்தி எல்லாம் நாம் அவற்றிலிருந்து ஊகித்துக்கொள்வது. இதை மறந்தவர்கள்தான் இரண்டு நிமிடத்தில் தரம் சொல்லிவிடுவோம் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

நான் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் அச்சுக்கான உலோகத் தூள்களை இப்படி அளந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நான் பத்தொன்பது வருடம் சர்க்கரை ஆலையில் கருவிப் பிரிவில் இருந்தவன். பாகின் கெட்டியையும் சர்க்கரையின் ஈரத்தையும் நுண்ணலையால் அளக்கும் கருவிகளோடு அங்கே பழக்கம். இப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் உலோக அச்சுக் கூடத்தில் தூள் சோதனை பார்க்கிறேன். சர்க்கரை என்ன, டைட்டானியம் என்ன, தூள் தூள்தான் என்று நினைத்து உள்ளே வந்தேன்.

2024 அக்டோபர் 13, பின்குறிப்பு

குழியின் அளவைக் கேட்டிருக்கிறார்கள். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு உள்விட்டம் 94 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு நல்ல டபராவின் வாய் அளவு. எங்களுடையதை அலுமினியத் துண்டில், இதே தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தோம். அளக்கும் பகுப்பாய்வி கைபேசி அளவுதான்.

2024 அக்டோபர் 20

மணியின் பருமனை எப்படி அறிவது என்ற பகுதிதான் சுவையானது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

குழிக்குள் மின்புலம் உச்சமாக இருக்கும் இடம் ஒன்று, காந்தப்புலம் உச்சமாக இருக்கும் இடம் வேறொன்று. அதிர்வு முறையை மாற்றினால் ஒரே குழாய் நட்டநடுவில் நின்றபடியே முதலில் மின்புலத்தையும் பிறகு காந்தப்புலத்தையும் பார்க்கும். மின்புலத்தில் தூளின் அடுக்கு தெரிகிறது. உலோக மணிகள் இடத்தில் எத்தனை பங்கை அடைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் சுருதி இறங்குகிறது. எளிய கணக்குப்படி பாதி இடம் மணி, பாதி காற்று என்றால் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்ற எண், காற்றுக்கு அது 1) 4. அறுபது சதவீதம் மணி என்றால் 5.5. ஆக, குழாயை எப்படித் தட்டி நிரப்பினீர்கள் என்பதே முதலில் தெரியும்! படியில் அரிசி அளப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? குலுக்கி அளக்கும் கடைக்காரர் ஒருவர், பட்டும் படாமல் கொட்டித் தலை தட்டுபவர் இன்னொருவர். படி ஒன்றுதான், அரிசி ஒன்றல்ல. எங்கள் பட்டறைத் தம்பி நிரப்பிய குழாயும் நான் நிரப்பிய குழாயும் ஒரே டப்பாத் தூளுக்கு இரண்டு விடை கொடுத்தன. ஒரு வாரம் சண்டை போட்டோம். இப்போது நிரப்புவது அவன் மட்டும், தட்டுவதற்கு ஒரு சின்ன மோட்டார்.

காந்தப்புலத்தில் நடப்பது வேறு. ஒவ்வொரு மணியிலும் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த ஓட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டும் ஓடும். எவ்வளவு ஆழம் வரை என்பது உலோகத்தின் மின்தடை எண்ணைப் பொறுத்தது. 2.45 கிகாஹெர்ட்ஸில் செம்புக்கு 1.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துருப்பிடிக்காத எஃகு 316எல்லுக்கு 9 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. அலுமினியம் 6, வனேடியம் 4 சதவீதம் சேர்ந்த டைட்டானியம் 6-4 கலவைக்கு 13 மைக்ரான். சக்தி அதிகமாக வீணாவது, மணியின் ஆரம் இந்தத் தோல் ஆழத்தைப்போல் ஏறக்குறைய 2.4 மடங்காக இருக்கும்போது. அதைவிடச் சிறிய மணி என்றால் புலம் ஊடுருவிப் போய்விடும், இழப்பு குறைவு. பெரிய மணி என்றால் உட்பகுதி சும்மா கிடக்கும், அப்போதும் கனஅளவுக்குக் கணக்கிட்டால் இழப்பு குறைவு.

கணக்குப் போட்டால் டைட்டானியத்துக்கு உச்சம் 64 மைக்ரான் விட்டத்தில் வருகிறது. நாம் பயன்படுத்தும் தூள் 15 முதல் 45 மைக்ரான். உச்சத்துக்கு இந்தப் பக்கம் ஏறுமுகத்தில் இருக்கிறோம். மணி பருத்தால் இழப்பு கூடும். செம்பில் உச்சம் 6 மைக்ரான், தூள் முழுவதும் இறங்குமுகத்தில். அங்கே மணி பருத்தால் இழப்பு குறையும். ஒரே கருவி, ஒரே எண், உலோகம் மாறினால் பொருள் தலைகீழ். எஃகுக்கு உச்சம் 42 மைக்ரான், எனவே எஃகுத் தூளும் பெரும்பாலும் ஏறுமுகத்தில்தான். கவலையில்லை.

2024 அக்டோபர் 21

செம்புத் தூளை முதன்முதலில் காந்த முறையில் வைத்தபோது சுருதி இறங்குவதற்குப் பதில் ஏறியது. கம்பிகளை மாற்றிச் செருகிவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். மறுபடியும் ஏறியது. செம்பு மணிகள் காந்தப்புலத்தை வெளியே தள்ளுகின்றன. அதனால் குழியில் இடம் குறைந்ததுபோல் ஆகி அதிர்வெண் கூடுகிறது. மூன்று மணி நேரம் வீண். பக்கத்து வீட்டு வித்வானிடம் சொன்னேன். அப்படியொரு ரவை கிடைத்தால் எனக்கும் கால் கிலோ வாங்கி வாருங்கள் என்றார்.

2024 நவம்பர் 3

தீபாவளி முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு முட்டாள்தனம் செய்தேன். இங்கே எழுதிவிட்டால் மறக்காது என்பதால் எழுதுகிறேன்.

காலையில் காலிக் குழியை அளந்தேன். பதினொன்றரை மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் அச்சு இயந்திரத்துக்கு மட்டும்தான், சோதனை அறையின் குளிர்சாதனத்துக்கு இல்லை. நான் மின்கலத்தில் ஓடும் பகுப்பாய்வியை வைத்துக்கொண்டு அளவெடுப்பைத் தொடர்ந்தேன். பிற்பகலில் எடுத்த எட்டு மாதிரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கிக்கொண்டே போயின. தூள் கெட்டுவிட்டது என்று முதலாளிக்குச் சொல்லியும் விட்டேன்.

கெட்டது தூள் இல்லை. அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். குழி விரிந்தால் சுருதி இறங்கும். 2.45 கிகாஹெர்ட்ஸில் டிகிரிக்கு 56 கிலோஹெர்ட்ஸ். அறை ஆறு டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு மெகாஹெர்ட்ஸ் போய்விடும். நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசமே அதைவிடச் சின்னது. இப்போது ஒவ்வொரு மாதிரிக்கு முன்பும் பின்பும் காலிக் குழாயை அளக்கிறேன். முன்னும் பின்னும் ஒத்துப்போகவில்லையென்றால் அந்த அளவைத் தூக்கி எறிகிறேன்.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் உறுத்துகிறது.

2024 நவம்பர் 17, திருத்தம்

அக்டோபர் 20இல் எழுதிய உச்சக் கணக்கு தவறு. சூத்திரம் சரி, போட்ட அதிர்வெண் தவறு. யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, நானேதான் மாட்டிக்கொண்டேன்.

மின்புல முறை 2.45 கிகாஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே குழியில், குழாய் நடுவில் நிற்க, காந்தப்புலத்தை நடுவே கொண்டுவரும் முறையோ அதைப்போல் 1.59 மடங்கு, அதாவது 3.9 கிகாஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதிர்வெண் கூடினால் தோல் மெலியும். டைட்டானியத்துக்கு 10.5 மைக்ரான், எஃகுக்கு 7. எனவே உச்சங்கள் 64ம் 42ம் அல்ல. டைட்டானியத்துக்கு ஏறக்குறைய 51 மைக்ரான், எஃகுக்கு 33.

டைட்டானியத்துக்குப் பெரிய பாதகம் இல்லை. 15 முதல் 45 இன்னும் ஏறுமுகத்தில்தான் இருக்கிறது, மேல்நுனியில் மட்டும் கொஞ்சம் தட்டையாகிவிடுகிறது. எஃகுதான் மாட்டிக்கொண்டது. தூளின் நட்டநடுவில் உச்சம் வந்து உட்கார்ந்துவிட்டது. மலையுச்சியில் நிற்பவன் இந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தாலும் அந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தாலும் உயரம் பெரிதாக மாறாது. அப்படித்தான் இரண்டு எஃகுத் தூள் வரவுகளை அளந்து, இரண்டும் ஒன்றே என்று கையெழுத்துப் போட்டேன். மணியின் பருமனை நேராக அளக்கும் லேசர் ஒளிச்சிதறல் அறிக்கை இப்போது வந்திருக்கிறது. ஒன்று இன்னொன்றைவிடத் தெளிவாகப் பருமன். கருவி பொய் சொல்லவில்லை. உச்சியில் நின்றுகொண்டு பருமனைக் கேட்டது என் தவறு. எஃகைப் பார்க்க வேண்டுமானால் வேறு அதிர்வெண்ணில் இன்னொரு குழி வேண்டும்.

‘கவலையில்லை’ என்று எழுதியிருந்தேன் பாருங்கள், அந்தச் சொல்லையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2024 டிசம்பர் 3

பெஞ்சல் புயல் போன பிறகு இன்றுதான் மின்சாரம் வந்தது. நவம்பர் 30 இரவு பெய்த மழையில் தெருவுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூள் டப்பாக்களைச் சனிக்கிழமை காலையிலேயே மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டோம். குழி நனைந்தது, துடைத்தாயிற்று.

சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் என்கிறார்கள். கடலூர் நண்பரே, பட்டறைக்குள் தண்ணீர் வந்ததா? வந்திருந்தால் நனைந்த தூள் டப்பாவை இறுக்கி மூடி வைக்காதீர்கள், பக்கத்தில் நெருப்பும் வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள்.

2024 டிசம்பர் 5

எழுதிவிட்டார். வாசற்படி வரை வந்து நின்றுவிட்டதாம். தூள் பத்திரம்.

2024 டிசம்பர் 22

மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் தெருவில் விடிகாலை ஐந்துக்கே கோலம். என் மனைவி கோலமாவை எடுத்து விரலிடுக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, ‘மாவு நமத்துவிட்டது, ஓடமாட்டேன் என்கிறது’ என்றாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரே சீராக இழை இறங்க வேண்டும். திக்கித் திக்கி விழுந்தால் கோடு மணி மணியாகப் போகும். அவள் இரண்டு வினாடியில் சொன்னதைத்தான் நாங்கள் ஹால் புனலில் சொல்கிறோம். 50 கிராம் தூள், 2.5 மில்லிமீட்டர் துளை, எத்தனை வினாடியில் காலியாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். அச்சு இயந்திரத்திலும் தூளை ஒரு தகடு இழுத்துப் பரப்புகிறது. ஓடாத தூள் அங்கேயும் மணி மணியாகத்தான் விழும்.

மாவை வெயிலில் காயவைத்தாள், சரியாகிவிட்டது. நான் அதே யோசனையோடு கூடத்துக்குப் போய் ஒரு சோதனை செய்தேன். ஒரே டப்பாவிலிருந்து அலுமினியக் கலவைத் தூள் இரண்டு கிண்ணம். ஒன்று சிலிக்கா ஜெல்லோடு மூடியது, மற்றது கடற்காற்று படும்படி இரவு முழுவதும் திறந்தது. காலையில் ஹால் புனலில், திறந்து வைத்தது தட்டினால்தான் இறங்கியது. குழியில் சுருதி கொஞ்சம் இறங்கியது. நாதம் அடங்கும் வேகம் மட்டும் தெளிவாகக் கூடியிருந்தது. தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் எண்பதுக்குச் சற்றுக் குறைவு, நுண்ணலையை அது விழுங்கும். மணிமேல் ஒட்டிய ஈரம் தனித்த தண்ணீரைப்போல் அவ்வளவு சுதந்திரமாக ஆடாது என்றாலும், கருவிக்குத் தெரிகிற அளவுக்கு ஆடுகிறது. உலர்த்தி மறுபடி வைத்தேன். பழைய எண்ணுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது.

எனக்கு இந்தக் கருவிமேல் நம்பிக்கை வந்தது அன்றுதான். பருமன் சொல்வதைவிட ஈரம் சொல்வதில் இது கெட்டிக்காரன். ஐப்பசி முதல் தை வரை புதுச்சேரியிலும் கடலூரிலும் தூள் வைத்திருப்பவர்களுக்கு அது போதுமான காரணம் என்று நினைக்கிறேன். மரக்காணத்து உப்பை மழைக்காலத்தில் திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2024 டிசம்பர் 23

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. ஈரத்தால் இழப்பு கூடியது என்றேன். மின்புல முறையில் மட்டும் கூடினால் ஈரம். காந்த முறையில் கூடினால் பருமன் மாறியிருக்கலாம், வேறு உலோகம் கலந்திருக்கலாம். இரண்டையும் பார்த்தேன், ஒன்றை மட்டும் எழுதினேன். காந்த முறையில் மாற்றம் தெரியவில்லை, எனவே ஈரம்தான். இரண்டு முறைகளிலும் அளக்காமல் யாராவது ஈரம் என்றோ பருமன் என்றோ சொன்னால் நம்பாதீர்கள். நேற்று நானே சொன்னது உட்பட.

2025 ஜனவரி 12

கடலூர் நண்பர் நேராகக் கேட்டுவிட்டார்: ‘இத்தனையும் சரி, என் டைட்டானியத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்கள் மிருதங்கம் சொல்லுமா?’

சொல்லாது. இந்த ஒரு வரிக்காக அவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது, மன்னிக்கவும். தரம் 5 டைட்டானியத்தில் (6-4 கலவைதான்) ஆக்சிஜன் 0.20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதன் தூய்மை கூடிய வகையான தரம் 23இல் 0.13. திரும்பத் திரும்பப் போடும் தூளில் முதலில் உதைப்பது இந்த எல்லைதான். ஆனால் மணியின் ஆக்சைடு உறை சில நானோமீட்டர். நுண்ணலையின் தோல் ஆழமோ பத்து மைக்ரான். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த உறை கொஞ்சம் தடித்ததைக் குழி கண்டுகொள்ளாது. உலோகத்துக்குள் கரைந்த ஆக்சிஜன் மின்தடையைச் சிறிது கூட்டும், ஆனால் அந்தச் சிறிது, அறை வெப்பத்திலும் தட்டும் கையிலும் மறைந்துவிடும். மாதிரியை மந்த வாயுவில் உருக்கி அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

பிறகு எதற்கு இது? எல்லா டப்பாவையும் அனுப்பாமல், எந்த டப்பாவை அனுப்புவது என்று முடிவு செய்ய. போன வாரத் தூளும் இந்த வாரத் தூளும் ஒரே மாதிரி ஒலித்தால், வழக்கமான இடைவெளியில் அனுப்பினால் போதும். வேறு மாதிரி ஒலித்தால், இன்றைய அச்சை நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள்.

2025 ஜனவரி 13

ஒருவர் எழுதுகிறார்: ‘டைட்டானியத்தில் இரும்பு கலந்துவிட்டதா என்று பார்க்கக் காந்தம் போதாதா? இதற்கெல்லாம் கிகாஹெர்ட்ஸா?’

போதும். காந்தத்தில் ஒட்டாத 316எல் கலந்தால் மட்டும் போதாது. இருந்தாலும் பத்து ரூபாய் காந்தத்தை முதலில் எடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

2025 பிப்ரவரி 9

நேற்று, சிரித்த கூட்டாளி நேரில் வந்தார். கடலூரிலிருந்து பஸ்ஸில், மடியில் எவர்சில்வர் டிபன் கேரியர். மேல் அடுக்கில் எலுமிச்சைச் சாதம். கீழ் அடுக்கில், துணி சுற்றி, இறுக மூடிய இரண்டு சிறிய சீசாக்கள். டைட்டானியத்தை இப்படியா கொண்டுவருவது என்று கத்தினேன். ‘ஐம்பது கிராம்தானே, அண்ணா’ என்றார். பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்திருப்பார்களே ஐயா!

ஒன்று புதிய தூள், மற்றது ஒன்பது முறை சுற்றியது. எது எது என்று சொல்ல மாட்டேன், கருவி சொல்லட்டும் என்றார். சரி என்றேன். தம்பி சீசாவுக்கு மூன்று வீதம் ஆறு குழாய் நிரப்பினான். ஒரு கோணிப்பைத் துணிக்குப் பின்னால் வைத்து எண் மட்டும் போட்டு என்னிடம் நீட்டினான். நான்கில் தயக்கமே இல்லை. காந்த முறையில் இழப்பு கூடியவை இரண்டு, குறைந்தவை இரண்டு. பலமுறை சுற்றிய தூளில் நுண்மணிகள் குறைந்து, சராசரி பருமன் கூடியிருக்கும், எனவே இழப்பு கூடியது பழையது என்றேன். சரியாக இருந்தது. மிஞ்சிய இரண்டும் நடுவில் நின்றன. ஒன்றைப் பழையது என்றேன், மற்றதைப் புதியது என்றேன். இரண்டும் தலைகீழ். ஆறில் நான்கு.

கூட்டாளி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சாப்பிட்டோம்.

2025 பிப்ரவரி 10

ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அந்த இரண்டு குழாய்களும் ஏன் நடுவில் நின்றன?

காலையில் தம்பியைக் கேட்டேன். முதல் இரண்டு குழாய்களைச் சீசாவின் மேலிருந்தும் மூன்றாவதைக் கடைசியில் அடியிலிருந்தும் எடுத்ததாகச் சொன்னான். இரண்டு சீசாவிலும் அப்படியே. பஸ்ஸில் குலுங்கி வந்த சீசா அது! மிக்சர் பொட்டலத்தைக் குலுக்கினால் வேர்க்கடலை மேலே வரும், பொடி அடியில் தங்கும். தூளும் அப்படியே பிரிந்திருக்கிறது. பழைய சீசாவின் அடியில் அதன் நுண்மணிகள், அதனால் அது புதியதைப்போல் ஒலித்தது. புதிய சீசாவின் அடிக்குழாயும் பழையதைப்போல் ஒலித்திருக்கிறதே, அது எப்படி? இங்கே என் விளக்கம் நொண்டுகிறது. அடியில் நுண்மணி என்றால் இன்னும் குறைவாகத்தான் ஒலித்திருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 10, மாலை

நொண்டியது சரிதான். தம்பி இன்னொன்றும் சொன்னான். புதிய சீசாவை மட்டும் நிரப்பும் முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினானாம், மூடியில் ஒட்டியது விழட்டும் என்று. அப்படியானால் அதன் அடிக்குழாயில் இருந்தது பஸ்ஸில் மேலே வந்த பருமணி. இரண்டு சீசாவையும் உருட்டிக் கலந்து, மறுபடி ஆறு குழாய், மறுபடி கோணிப்பை. இந்த முறை ஆறும் சரி.

கடலூருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கூட்டாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்படியானால் சென்னைக்கு நாங்கள் அனுப்பிய மாதிரிகள் எல்லாமே டிரம்மின் மேலிருந்து அள்ளியவை, அண்ணா’ என்றார்.

2025 பிப்ரவரி 23

குழியின் வரைபடம் கேட்டிருக்கிறார்கள். உள்விட்டம் 93.7 மில்லிமீட்டர், உயரம் 40, நடுவில் குழாய்க்குத் துளை. உட்புறத்தை நன்றாக மெருகேற்றச் சொல்லுங்கள். வட்டம் சரியாக இல்லையென்றால் 3.9இல் ஒரு சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைச் சிகரம் தெரியும், பயப்பட வேண்டாம், நுண்ணலையைக் குழிக்குள் விடும் இணைப்பு வளையத்தைச் சற்றுத் திருப்பினால் ஒன்று அடங்கும். மூடிக்கும் சுவருக்கும் நடுவே மின்னோட்டம் கடக்கிறது, அங்கே இடைவெளி இருந்தால் நாதம் செத்துவிடும். நான் ஆறு திருகு போட்டு அவதிப்பட்டேன். எட்டுப் போடுங்கள்.